தீயும் இங்கே! தோலும் இங்கே!

சாத்தூர் வட்டாரத்திலே பட்டாசு ஆலை வெடித்தது என்றால், அந்தச் சேதியைச் சூலக்கரை மக்களுக்குப் பத்திரிகை வந்து சொல்ல வேண்டியதில்லை. அலறிக்கொண்டு வடக்கே பறக்கும் ஆம்புலன்சுகளே சொல்லிவிடும். நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் அது. அடுத்து விருதுநகர் மருத்துவமனை. அங்கே சமாளிக்க இயலாதென்றால் மதுரை. வண்டிக்குள்ளே வெந்து கிடப்பவர் ஆலை முதலாளி அல்லர். மருந்து செலுத்தியவர், திரி வைத்தவர், காய்ந்த வெடியை அள்ளியவர். பல வேளைகளில் அவர் ஒரு பெண். அடுப்பை மூட்டிப் பிள்ளைகளுக்குச் சோற்றை வைத்துவிட்டு, விடிந்ததும் ஆலை வண்டியில் ஏறியவர்.

2012 செப்டம்பர் 5: முதலிப்பட்டி. 38 பேருக்குக் குறையாமல் மாண்டனர். 2021 பிப்ரவரி 12: அச்சங்குளம். 20 பேருக்குக் குறையாமல் மாண்டனர். 2023 அக்டோபர் 17: சிவகாசி வட்டாரத்தில் ஒரே நாளில் இரண்டு இடங்களில் வெடித்து, பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீண்ட பட்டியலில் இவை மூன்று வரிகள்தாம்.

ஒவ்வொரு முறையும் இறந்தவர்கள் எண்ணப்படுகிறார்கள். இரங்கல் வருகிறது, நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, விசாரணைக்கு ஆணை பிறக்கிறது. ஆனால் வெந்தும் சாகாமல் பிழைத்தார்களே, அவர்கள்? ‘படுகாயமடைந்தோர் இத்தனை பேர்’ என்ற ஒற்றை வரியோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது. முடிவது செய்திதான், அவர்கள் துயரம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அந்த மக்களைப் பற்றியே இன்று நாம் பேச விரும்புகிறோம்.

பிழைத்தவர் கதி

தீக்காயம் என்பது ஆறிப்போகும் புண் அன்று. மேலோட்டமாகச் சுட்டால் ஆறும். தழும்பும் பெரிதாக நிற்காது. கருமருந்துத் தீ அப்படிச் சுடுவதில்லை. மேல்தோலைத் தாண்டி உள்தோலையும் எரித்துவிடுகிறது. மேல்தோல் மீண்டும் முளைக்க வல்லது. உள்தோல் போனால் போனதுதான்; அந்த இடத்தை உடல் வடுவால் அடைக்கிறது. வடு, தோல் அன்று. அது சுருங்கும், இழுக்கும், இறுகும். கழுத்து வெந்தவருக்குத் தாடை மார்போடு ஒட்டிக்கொள்கிறது. அக்குள் வெந்தவருக்குக் கை தூக்க வருவதில்லை. விரல் வெந்தவருக்கு விரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளங்கைக்குள் மடங்கிவிடுகின்றன.

இந்தக் கந்தக பூமியிலே விரல் என்றால் என்ன பொருள்? சரம் பின்னுவது விரல். திரி வெட்டுவது விரல். தீப்பெட்டி ஒட்டுவது விரல். வானம் பார்த்த கரிசலிலே விளைச்சல் பொய்த்தபோது, இந்த மக்களுக்குச் சோறு போட்டது அந்தப் பத்து விரல்கள்தாம். அவை மடங்கிவிட்டால் கூலி மடங்கிற்று, குடும்பமும் மடங்கிற்று. உயிர் பிழைத்தார் என்று வீட்டுக்கு அனுப்புகிறோமே, எந்த வாழ்க்கைக்கு அனுப்புகிறோம்?

இது விருதுநகர் மாவட்டத்தின் கவலை மட்டும் அன்று. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 இலட்சம் பேர் தீக்காயம் அடைகிறார்கள் என்றும், 1 இலட்சத்து 40 ஆயிரம் பேர் இறக்கிறார்கள் என்றும், 2 இலட்சத்து 40 ஆயிரம் பேர் ஊனம் அடைகிறார்கள் என்றும் மத்திய சர்க்காரின் தீக்காயத் தடுப்புத் திட்டமே மதிப்பிட்டு வைத்திருக்கிறது. அடுப்படியிலே வெந்தவர், மின்சாரத்தால் கருகியவர், ஆலையிலே எரிந்தவர் எல்லோரும் அந்தக் கணக்கிலே அடக்கம். அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சாரம் கட்டும் விஞ்ஞானம்

வைத்தியம் இல்லையா? உண்டு. தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ மெல்லிய தோலைச் சீவியெடுத்து வெந்த இடத்தில் ஒட்டுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் உடலிலே பாதிக்கு மேல் வெந்தவருக்கு எங்கிருந்து சீவுவது? இருக்கும் கொஞ்சத் தோலை எத்தனை முறை உரிப்பது? உள்தோல் இல்லாத இடத்தில் மெல்லிய மேல்தோலை மட்டும் ஒட்டினால் அதுவும் சுருங்கத் தொடங்குகிறது. உலகெங்கும் தீக்காய மருத்துவர்கள் இந்தச் சுவரிலேதான் முட்டி நின்றார்கள்.

அந்தச் சுவரிலே கதவு திறந்தவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரத்து இருவர். ஒருவர் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர். மற்றவர் இயோனிஸ் யானாஸ் என்ற பொறியியல் பேராசிரியர். 1981-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. மாட்டிடமிருந்து எடுத்த கொல்லாஜன் என்ற புரதம், சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த இன்னொரு பொருள். இரண்டையும் சேர்த்துப் பஞ்சு போன்ற மெல்லிய தகடு செய்து, அதன்மேல் சிலிக்கோன் படலம் போர்த்தினார்கள். உடலில் பாதிக்கு மேல் வெந்த பத்து நோயாளிகளுக்கு அதை இட்டார்கள்.

அங்கே நடந்ததை நம் ஊர்க் கொத்தனார் எளிதாகப் புரிந்துகொள்வார். கட்டடம் எழுப்பச் சாரம் கட்டுகிறோம். சாரம் கட்டடம் ஆகாது. ஆனால் அதன்மேல் ஏறி நின்றுதான் கொத்தனார் சுவர் வைக்கிறார். வேலை முடிந்தால் சாரம் அவிழ்கிறது. அதுபோல அந்தத் தகட்டின் நுண்துளைகளுக்குள்ளே நோயாளியின் சொந்த உயிரணுக்கள் ஏறிச் செல்கின்றன. இரத்தக் குழாய்கள் படர்கின்றன. உடல் தன் உள்தோலைத் தானே எழுப்பிக்கொள்கிறது. சாரமோ கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மறைகிறது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் மேலேயுள்ள படலத்தை உரித்துவிட்டு, மிக மெல்லிய மேல்தோலை ஒட்டினால் போதும். 1996-இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தது.

முன்னெல்லாம் உடலுக்குள் வைக்கும் பொருள் என்றால் இரும்புத் தகடு, திருகாணி, நெகிழி. அவை உடலிலே விருந்தாளியாகவே இருக்கும். இப்போது வருபவையோ உடலை வேலை வாங்கிவிட்டுத் தாம் விலகிக்கொள்பவை. தானே ஆறும் வல்லமை உடலுக்குள் இருக்கிறது. அதற்கு ஏணி வைத்துக் கொடுப்பதே புதிய விஞ்ஞானம். பிரேசில் நாட்டின் போர்த்தலேசா நகர மருத்துவர்கள் திலேப்பியா மீனின் தோலைத் தூய்மைப்படுத்தித் தீக்காயத்தின்மேல் போர்த்துகிறார்கள். திலேப்பியா என்றதும் ஏதோ அயல்நாட்டு அற்புதம் என்று எண்ண வேண்டாம்; நம் கண்மாய்களிலே துள்ளுகிற ஜிலேபிக் கெண்டைதான் அது!

கிண்டியிலே கிடைத்த விடை

இவ்வளவும் கேட்டு, ‘வெள்ளைக்காரன் மூளையே மூளை’ என்று பெருமூச்சு விடுவோருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

கொல்லாஜன், கொல்லாஜன் என்கிறார்களே, அதன் அமைப்பு என்ன என்று உலகத்து விஞ்ஞானிகள் திகைத்து நின்ற காலம் ஒன்று உண்டு. தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரம்; ஆனால் அதன் உள் உருவம் யாருக்கும் பிடிபடவில்லை. விடை சென்னையிலே கிடைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தாவும், மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பே கொல்லாஜன் என்று 1954-இல் உலகுக்கு அறிவித்தார்கள். ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருளை அவர்களுக்குக் கொடுத்தது யார்? பக்கத்து வளாகத்திலே, 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். கங்காரு வாலின் தசைநார் அங்கேதான் கிடைத்தது.

அதே தோல் ஆராய்ச்சி நிலையம் பின்னாளில் கொல்லாஜன் தகடுகளைத் தயாரிக்கும் முறையையும் உருவாக்கித் தொழில்துறைக்கு வழங்கியது. புண்ணின்மேல் போர்த்தினால் வலி குறைக்கும், நீர் வற்றாமல் காக்கும், கட்டை நாள்தோறும் பிய்க்கும் கொடுமையைத் தவிர்க்கும். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் திண்டுக்கல்லும் தோல் பதனிட்டுப் பேர் பெற்ற நாடு நமது. செருப்புக்குத் தோல் தந்த தமிழகம் வெந்தவர் உடலுக்கும் தோல் தர முடியும் என்பதற்கு அந்தத் தகடே சாட்சி.

அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தைப் பாருங்கள். சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான நிலையம் பொது மக்கள் பணத்தில் நடப்பது. மருத்துவர் வலியத்தான் தலைமையில் அங்கே இருதய வால்வு ஒன்றைச் செய்ய முனைந்தார்கள். முதல் மாதிரி தோற்றது, இரண்டாவது தோற்றது, மூன்றாவதும் தோற்றது. ‘இறக்குமதி செய்துகொள்ளலாமே’ என்று கைகழுவியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? நான்காவது மாதிரி 1990 டிசம்பர் 6-இல் ஒரு நோயாளியின் நெஞ்சிலே வைக்கப்பட்டது. இன்றைக்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் நெஞ்சில் அந்த வால்வு துடித்திருக்கிறது.

அதே நிலையத்திலிருந்து 2023-இல் இன்னொரு சேதி வந்தது. பன்றியின் பித்தப்பையை எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களையெல்லாம் நீக்கி, எஞ்சிய சவ்வையே தோலுக்குச் சாரமாக்கியிருக்கிறார்கள். ‘கோலிடெர்ம்’ என்று பெயர். எலி, முயல், நாய் ஆகியவற்றின் தீக்காயத்திலும் நீரிழிவுப் புண்ணிலும் சோதித்தபோது வடு குறைவாக ஆறிற்று என்கிறார்கள். இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அதற்கு ஒப்புதல் தந்திருக்கிறார். சிகிச்சைச் செலவு 10,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகக் குறையலாம் என்று மத்திய சர்க்காரின் செய்திக் குறிப்பு கூறிற்று.

10,000 எங்கே, 2,000 எங்கே! ஒரு தினக்கூலிக் குடும்பத்துக்கு அந்த வேறுபாடு தாலியை அடகு வைப்பதா வேண்டாமா என்ற வேறுபாடு.

மூன்று கேள்விகள்

இங்கே மூன்று பேர் குறுக்கே நிற்பார்கள் என்பதை அறிவோம். மூவருக்கும் விடை சொல்லிவிடுவோம்.

‘மாட்டுத் தோலா? பன்றிச் சவ்வா? மக்கள் ஏற்பார்களா?’ என்பார் ஒருவர். மக்களை ஏமாற்றி இட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. என்ன பொருள், எதிலிருந்து எடுத்தது என்று நோயாளியிடமும் வீட்டாரிடமும் தமிழிலே தெளிவாகச் சொல்லி இசைவு பெறவேண்டும். வேண்டாம் என்போருக்கு வேறு வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவிலே விலங்குப் பொருளே சேராத செயற்கைச் சாரம் செய்து தீக்காயத்துக்கு இடுகிறார்கள். தெரிந்து தேர்ந்தெடுக்கும் உரிமை பணக்காரருக்கு மட்டும் உரியதா?

‘பொருள் வந்துவிட்டால் போதுமா?’ என்பார் இன்னொருவர். போதாது. கேள்வி நியாயமானது. செத்த தோலை உரிய நாளிலே வெட்டி நீக்காமல் அதன்மேல் எந்தச் சாரத்தை இட்டாலும் அழுகும். கிருமி புகுந்தால் எல்லாம் பாழ். கை தேர்ந்த அறுவை மருத்துவர், மயக்க மருந்து வல்லுநர், தூய்மையான தனி வார்டு, பொறுமையான செவிலியர், புரதம் நிறைந்த உணவு, பிறகு மாதக்கணக்கில் விரலை நீட்டி மடக்கும் பயிற்சி; இத்தனையும் சேர்ந்ததே சிகிச்சை. வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் இல்லாத அந்தப் புதுத் தோல், பிறந்த தோலுக்கு ஈடாகாது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆயினும் மடங்கிப்போகவிருந்த விரல் நீளுமானால், அது சிறிய காரியமா?

மூன்றாமவர்தாம் ஆபத்தானவர். ‘தோல்தான் வந்துவிட்டதே, இனி விபத்தைப் பற்றி என்ன கவலை?’ என்று மனத்துக்குள் எண்ணுபவர். அவருக்கு நாம் சொல்வது: எரிந்த பிறகு இடும் தோல், எரிய விடுவதற்கு உரிமச் சீட்டு அன்று. அறைக்கு இத்தனை பேர்தான் என்று விதி இருக்க, அதற்கு மேல் ஆட்களை நெருக்கி உட்கார வைப்பது; உரிமம் ஒருவர் பேரில் இருக்க, உள்குத்தகைக்கு விட்டு அறை அறையாகப் பணம் பார்ப்பது; தீபாவளி நெருங்கிற்று என்று உச்சி வெயிலிலும் மருந்து கலக்கச் சொல்வது; இவையெல்லாம் நிற்க வேண்டும். ஆய்வாளர் தாளிலே ஆய்வு செய்யாமல் ஆலையிலே ஆய்வு செய்ய வேண்டும். நோய் தடுப்பது முதல் வைத்தியம், இது இரண்டாவது. முதலாவது இருக்கிறது என்று இரண்டாவதை மறுக்கவும் கூடாது. இரண்டாவது வந்தது என்று முதலாவதை மறக்கவும் கூடாது.

என்ன செய்ய வேண்டும்?

வெறும் ஆதங்கம் பத்திரிகைக்கு அழகு. நாட்டுக்குப் பயன் இல்லை. ஆகவே திட்டவட்டமாகச் சொல்கிறோம்.

முதலாவது: விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-இல் திறக்கப்பட்டது. வெடி ஆலைகள் சூழ்ந்த மாவட்டத்தின் கல்லூரி அது. தமிழகத்துக்கே முன்மாதிரியான தீக்காயச் சிகிச்சையும் ஆராய்ச்சியும் அங்கே அமையாமல் வேறு எங்கே அமைவது? புதிய தோற்சாரங்களை மனிதரிடம் முறைப்படி, இசைவு பெற்று, ஆராய்ந்து, கண்டதை வெளியிடும் இடமாக அது வளர வேண்டும். இங்குள்ள ஏழைகள் சோதனைப் பொருளாக மட்டும் இருந்துவிட்டு, பலன் வேறு யாருக்கோ போகும் நிலை வரலாகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இரண்டாவது: 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாத்திரைகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்துக் காட்டியது, பிற மாநிலங்களும் பார்த்துக் கற்ற ஏற்பாடு. அதே வழியிலே தோற்சாரங்களையும் கொல்லாஜன் தகடுகளையும் மொத்தமாக வாங்கி, விருதுநகரிலும் சிவகாசியிலும் மதுரையிலும் இருப்பு வைக்க வேண்டும். தீ நேரம் பார்த்து வருவதில்லை. சென்னையிலே இருக்கும் தகடு சிவகாசியிலே வெந்தவனுக்கு உதவாது.

மூன்றாவது: சாலை விபத்திலே அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கிற்று. அடிபட்டவர் யார், எந்த ஊர், பையிலே பணம் உண்டா என்று கேட்காத திட்டம். அதே நெறியை ஆலைத் தீக்கும் நீட்டிக்க வேண்டும். தீக்காயத்துக்கு 48 மணி நேரம் போதாது என்பதால், விரல் நீளும்வரை நீட்டிக்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? தீபாவளிக்குத் தீபாவளி தொழில் வட்டாரமே சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. சிவகாசிப் பட்டாசு வணிகம் ஆண்டுக்குச் சுமார் 6,000 கோடி ரூபாய். அதிலே ஆயிரத்தில் ஒரு பங்கு, ஆம், ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரூபாய், ஒதுக்கினால் 6 கோடி. வெடித்து மகிழ்கிறவர் பையிலிருந்து ஒரு ரூபாய், வெந்து வாடுகிறவர் விரலுக்கு! இதைக்கூடத் தர மாட்டோம் என்று எந்த வணிகர் சொல்வார்? சொல்ல எந்த முகம் இருக்கும்?

நான்காவது, நம் உள்ளத்துக்கு மிக நெருக்கமானது. 1920-களின் தொடக்கத்திலே சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார்கள். மழை இல்லை, பயிர் இல்லை. தீக்குச்சி செய்யும் வித்தையையாவது கற்று வருவோம் என்று போனார்கள். கற்று வந்தார்கள். அதிலிருந்துதான் தீப்பெட்டியும், பட்டாசும், அச்சுத் தொழிலும் பெருகின. கல்கத்தா எவ்வளவு தொலைவு! திருவனந்தபுரமோ ஓர் இரவுப் பயணம். அடையாறு இன்னோர் இரவு. தீயின் வித்தையைக் கற்கக் கல்கத்தா வரை போன மண், தோலின் வித்தையைக் கற்க இந்த இரண்டு ஊர்களுக்குப் போகக் கூடாதா?

சூலக்கரையிலே தொழிற்பேட்டை இருக்கிறது. படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தீயைக் கண்டு அஞ்சி, வேறு வேலை கிடைக்காதா என்று ஏங்கும் பெண்கள் இருக்கிறார்கள். மருத்துவத் தோலைச் சாயம் ஏறிய கழிவுத் தோலில் செய்துவிட முடியாது. நோயற்ற கால்நடையின் பச்சைத் தோலும் தசைநாரும் வேண்டும். தூசி புகாத கூடம் வேண்டும். ஒவ்வொரு தகட்டுக்கும் சோதனை வேண்டும். கடினமான வேலைதான். கருமருந்தைச் சரியான எடையில் கலந்து வாழ்ந்த கைகளுக்குக் கவனமும் தூய்மையும் கற்றுத்தர முடியாதா? அரசு ஒரு கூடம் அமைத்து, அடையாற்று நிலையமும் திருவனந்தபுரத்து நிலையமும் முறையைக் கற்பித்தால், வெடி செய்யும் வட்டாரமே அந்த வெடியால் வெந்தவருக்கு மருந்தும் செய்யும்.

வரும் தீபாவளிக்குள் இவையெல்லாம் நிறைவேறும் என்று நாம் நம்பவில்லை. தொடங்கலாம் என்று மட்டும் கேட்கிறோம். விஞ்ஞானம் 1954-இலேயே சென்னையிலே பிறந்துவிட்டது; ஒப்புதல் 2023-இலே வந்துவிட்டது; மருத்துவக் கல்லூரியும் கட்டியாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஆட்சியாளரின் மனம் ஒன்றுதான். அடுத்த வெடிச் சத்தம் கேட்ட பிறகு இரங்கல் எழுதுவதற்கு எடுக்கும் பேனாவை, இன்றைக்கே எடுத்து ஓர் ஆணை எழுதட்டும். எழுதும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.